பழைய எண் 1, புதிய எண் 1

ராத்திரி பத்தே காலுக்கு
சேஃப்டி பின்னை ரவுட்டரின் முதுகுத் துளையில்
குத்திப் பிடித்தேன்.
பத்து வரை எண்ணினால் போதும்.
பதினேழு வரை எண்ணினேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

நானே உள்ளே மாற்றிவைத்த பெட்டி அது.
கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஃபர்ம்வேரை வழித்தெறிந்து
வேறொன்றை ஏற்றியிருந்தேன், சித்திரையில்,
பையன் தூங்கின பிறகு, வேர்க்க வேர்க்க.
நன்றாகத்தான் ஓடியது.
போன வாரம் புது மோடம் மாட்டிவிட்டுப் போனார்கள்.
அதிலிருந்து அட்டாலியில்
ஆரஞ்சு விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது,
சீர் வீட்டில் பேர் யாருக்கும் ஞாபகம் வராத
ஒறம்பரை மாதிரி.

கம்பியை மாற்றினேன்.
அதை முதலில் போட்டு இதைப் பிறகு,
இதை முதலில் போட்டு அதைப் பிறகு.
கறுப்புத் திரையில் மோடத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
பதில் உடனே வந்தது.
அதுதான் சந்தேகம்.
கூப்பிட்டது மோடத்தை,
ஏன் என்று கேட்டது என் பெட்டி.

இரண்டுக்கும் ஒரே விலாசம்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, ஒன்று.
நகராட்சி எண்ணை மாற்றின வருசம்
சங்ககிரி ரோட்டில் இப்படித்தான்:
பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் பக்கத்துப் பக்கத்து வீடாகி
எங்கள் நகைக்கடன் நோட்டீசை
பல் டாக்டர் ஒரு மாசம் வாங்கிப் படித்தார்.

திருச்செங்கோட்டு மலைமேல் ஓருடம்பில் இரண்டு பேர்.
அங்கே சரி.
கம்பியில் ஆகாது.
மூன்றாம் இடத்து ஒன்றை அழித்து ஐம்பது என்று போட்டேன்.
பச்சை.

பச்சைதான். ஆனாலும்
ஒடிசாவில் ரிக் வண்டியோடு நிற்கிறவர்,
அறுநூற்று நாற்பது அடியிலும் புகைதான் வருகிறது என்கிறவர்,
கேட்கிறார்:
"ஏனம்மிணி, கேமரா தெரியலையே?"

உள்ளிருந்து போகிறவருக்கு இரண்டு வாசலும் திறக்கும்.
வெளியிலிருந்து வருகிறவர் முதல் வாசலோடு சரி.
பின்னால் இன்னொரு வாசல் இருப்பது
மோடத்துக்கே தெரியாது.

குமாரமங்கலத்திலிருந்து சடையப்பன் வந்தார்.
பிரிட்ஜ் மோடு வேண்டும் என்றேன்.
பெட்டியை இரண்டு தட்டு தட்டினார்.
"மோடத்துல என்னமோ இருக்குதுங்க."
மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆபீசுக்கு ஏழு தடவை.
"கனெக்‌ஷன் அர்த்தநாரி சார் பேர்ல இருக்கு, அவர் பேசணும்."
மாமனார் போய் நாலு வருசம் ஆச்சு.
"அப்ப ஓடிபி மட்டும் சொல்லுங்க மேடம்."
அந்த சிம்
பையன் விளையாடுகிற உடைந்த போனில் இருந்தது.
போனவருக்கு வந்த ஆறு எண்ணை
உரக்கப் படித்துச் சொன்னேன்.

அன்று பொழுதோடு மோடம் வெறும் கம்பியானது.
பயனர் பெயர், கடவுச்சொல், எல்லாம் என் பெட்டிக்குள்.
தெருவே இப்போது என் வாசலில் வந்து நிற்கிறது.
யாரை விடலாம், யாரை வேண்டாம்,
வரி வரியாக நான்தான் எழுத வேண்டும்.

கேட் கேமரா: விடு.
கம்ப்ரஸர் நிற்கிற ஷெட்டு: விடு.
ஹால் கேமரா.

ஹாலில் நான்.
நைட்டி, நீட்டின கால், மடியில் லேப்டாப்,
தட்டில் பாதி தின்ற கச்சாயம்.
தலைக்கு மேலே அதன் சின்னச் சிவப்புக் கண்.
ஆறு வருசமாக அதன் கீழ்தான்
காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.
வரிக்கு முன்னால் கர்சர் மினுக்கியது.
சேமி என்பதை அழுத்தினேன்,
அந்த வரி இல்லாமல்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்.
"கேட்டு தெரியுது. ஷெட்டு தெரியுது.
ஹால் மட்டும் வரலையே அம்மிணி?"

கச்சாயத்தை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னேன்,
"மோடத்துல என்னமோ இருக்குதுங்க."